ஆரல்வாய்மொழியிலிருந்து தூத்தூர் வரை: ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்பவர்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே இறங்கும் நெடுஞ்சாலை, முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும் இடத்தில் நிலத்தின் நிறமே மாறுகிறது. உடைமரமும் செம்மண்ணும் பின்தங்க, வயலும் குளமும் தென்னையும் தொடங்குகின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களை உள்ளடக்கிய இந்த நெல்விளை நிலமே பழைய நாஞ்சில் நாடு. அதற்கு மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மலையும் மேடும் கலந்து கடல்வரை விரிகின்றன. திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்த இந்த நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. கணவாயில் தொடங்கி மேற்குக் கடற்கரையில் உள்ள தூத்தூர் வரை செல்லும் இக்கட்டுரையின் பயணம் கோயில்களையும் அருவிகளையும் நாடியதன்று. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் விளையாட்டுப் போட்டிகளில், வீரர் ஒருவர் தரையில் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாரே, அந்த மனிதரின் தொழிலை அறியும் நோக்கம் கொண்டது இது. இத்தொழிலின் மூத்த வடிவம் ஒன்று இம்மாவட்டத்தின் களரிகளில் நெடுங்காலமாக வாழ்ந்துவந்திருக்கிறது. அதன் இன்றைய வடிவத்தின் தேவையைத் தன் உடலால் உணர்ந்த வீரர் ஒருவரும் இம்மாவட்டத்தின் கடற்கரையிலிருந்தே புறப்பட்டிருக்கிறார். ஆகவே இத்தொழிலை எண்ணிப் பார்ப்பதற்கு இந்த வழியைவிடப் பொருத்தமான வழி அமைவது அரிது.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆட்டத்தின் உத்தியைக் கற்றுத்தருபவர் பயிற்றுநர். ஓட்டம், எடைதூக்கல், உணவு, ஓய்வு ஆகியவற்றை வகுத்து உடலின் வலிமையை வளர்ப்பவர் உடல்திறன் பயிற்சியாளர். ‘டிரெய்னர்’ என்று வர்ணனையாளர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் இவரையே. காயத்தைக் கண்டறிந்து, தசையையும் மூட்டையும் மீண்டும் இயங்கச் செய்பவர் ‘பிசியோ’ எனப்படும் இயன்முறை மருத்துவர். மருந்து, அறுவை ஆகியவற்றை முடிவுசெய்பவர் அணி மருத்துவர். அமெரிக்காவில் இரண்டாவது பணியின் ஒரு பகுதியையும் மூன்றாவதன் பெரும்பகுதியையும் ஆடுகள முதலுதவியோடு சேர்த்து ‘அத்லெடிக் டிரெய்னர்’ என்ற தனித் தொழிலாக வகுத்திருக்கிறார்கள். அவர்களுக்கான தேசியச் சங்கம் 1950இல் கான்சஸ் நகரில் தோன்றியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இல் அதனை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படி ஒரு தனிப் பட்டம் வேரூன்றவில்லை. இயன்முறை மருத்துவரும் உடல்திறன் பயிற்சியாளரும் அப்பணியைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். சிறிய அணிகளில் ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பதும் உண்டு. இனி இக்கட்டுரையில் ‘டிரெய்னர்’ என்பது அப்பணியைச் செய்பவரைப் பொதுவாகக் குறிக்கும்.

தோவாளையின் பூச்சந்தையைத் தாண்டி நாகர்கோவிலுக்குள் நுழைந்தால், வடசேரியை அடுத்து அறிஞர் அண்ணா விளையாட்டரங்கம் வருகிறது. மாவட்ட அளவிலான தடகளமும் குழு விளையாட்டுகளும் இங்கேதான் நடக்கின்றன. இத்தகைய அரங்கு எதுவாயினும், டிரெய்னரின் வேலை ஆட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கணுக்காலில் ‘டேப்’ ஒட்டும் செயலை அருகிருந்து கவனித்தால் இத்தொழிலின் இயல்பு ஓரளவு விளங்கும். வீரர் மேசைமேல் அமர்ந்து பாதத்தைச் செங்கோணத்தில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். பாதம் தொங்கினால் கட்டு முழுவதும் வீண். தோலைத் துடைத்து உலர்த்தியபின் மெல்லிய நுரைப்பட்டை ஒன்றைச் சுற்றி, கணுக்காலுக்கு மேலே இரண்டு பிடிப்புப் பட்டைகளை ஒட்டுகிறார்கள். பிறகு உட்புறக் கணுவிலிருந்து தொடங்கி, குதிகாலின் அடியாகச் சென்று, வெளிப்புறக் கணுவை நோக்கி மேலே இழுத்து ஒட்டும் பட்டைகள் வருகின்றன. கணுக்கால் பெரும்பாலும் உட்பக்கமாகவே மடங்கிச் சுளுக்குகிறது என்பதால், பட்டையின் இழுப்பு எப்போதும் வெளிப்பக்கம் நோக்கியதாக இருக்க வேண்டும். அதன்மேல் எட்டு வடிவச் சுற்றும் குதிகாலைப் பூட்டும் சுற்றும் இட்டு முடித்தபின், கால் விரலின் நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு இறுகியிருக்கிறது என்று பொருள். அதனைக் கிழித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒளிபரப்புக்கான விளக்குகள் எரியும் முன்பே இது ஒவ்வொரு வீரருக்கும் நடந்து முடிந்திருக்க வேண்டும்.

ஒளிபரப்பு இந்தப் பணியின் காலக்கணக்கை முற்றிலும் மாற்றிவிட்டது. 2014 ஜூலையில் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஒரு பாடிச் செல்லலுக்கு 30 நொடிதான். இரு பாதிகளும் தலா 20 நிமிடம். ஐபிஎல் கிரிக்கெட்டில் உத்தி இடைவேளை இரண்டரை நிமிடம். அதற்குள் நீர் கொடுத்து, பிடித்த தசையை நீட்டிவிட்டு, அடுத்த ஓவருக்கு வீரரை அனுப்ப வேண்டும். கால்பந்தில் நடுவர் சைகை காட்டாமல் பிசியோ கோட்டைத் தாண்டக்கூடாது. உள்ளே வந்து சிகிச்சை அளித்தால், சில விதிவிலக்குகள் தவிர, வீரர் வெளியேறி மீண்டும் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும். இந்த இடுக்கில், ஆயிரக்கணக்கானோர் அரங்கிலும் பல இலட்சம் பேர் வீடுகளிலும் காத்திருக்க, ஒருவர் மற்றொருவரின் உடலைத் தொட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார். தமிழகத்தில் இத்துறைக்கு மதிப்பைத் தேடித்தந்தவர்களுள் சென்னையைச் சேர்ந்த இராம்ஜி சீனிவாசனும் சங்கர் பாசுவும் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் வெவ்வேறு காலத்தில் இந்தியக் கிரிக்கெட் அணியின் உடல்திறன் பயிற்சியாளர்களாகப் பணியாற்றியவர்கள்.

நாகர்கோவிலிலிருந்து மேற்கே தக்கலை செல்லும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை நிற்கிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், பின்னர் அதே அரசரின் படைக்குப் பயிற்சியாளரானார். அவருடைய கல்லறை இக்கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஐரோப்பிய அணிவகுப்பு முறை இம்மண்ணுக்கு வந்தது அவர் வழியாக. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் இங்கே வேறொரு பயிற்சி மரபு ஊர்தோறும் நிலைத்திருந்தது. அடிமுறை என்று தமிழிலும் தெக்கன் களரி என்று மலையாளத்திலும் அறியப்படும் அந்த மரபின் உயிர்நாடியான பகுதிகள் கல்குளம், விளவங்கோடு வட்டங்கள்.

களரி என்பது பயிற்சிக்கூடம். வடக்கு மலபாரின் களரிகள் நிலத்தைத் தோண்டிக் கூரை வேய்ந்தவை; தெற்கேயோ தென்னந்தோப்பின் நடுவே சமன்செய்த வெளியே பெரும்பாலும் களரியாகிவிடும். ஆசான் என்றழைக்கப்படும் ஆசிரியர் முதலில் சுவடுகளைக் கற்பிக்கிறார். சுவடு என்பது காலை எங்கே வைத்து, உடலை எந்தப் பக்கம் திருப்பி, எதிரியின் வீச்சிலிருந்து எப்படி விலகுவது என்பதற்கான அடிவைப்பு ஒழுங்கு. அதன்பின் வெறுங்கை அடியும் தடுப்பும், நெடுங்கம்பு, குறுங்கம்பு, ஆயுதங்கள் என வரிசை நீள்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, மாணவனின் குணத்தைப் பல ஆண்டுகள் கவனித்து அறிந்தபின்னரே, வர்மம் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

உடலில் உயிராற்றல் தங்கியும் ஓடியும் நிற்கும் இடங்கள் என்று சித்த மரபு கருதும் புள்ளிகளே வர்மங்கள். அவை 108 என்பதும், அவற்றுள் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பதும் பரவலாக வழங்கும் கணக்கு. நூலுக்கு நூல் வகைப்பாடு சற்று மாறுவதும் உண்டு. உச்சந்தலையில் கொண்டைக்கொல்லி, புருவ நடுவில் திலர்த காலம் என ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும், அடிபட்டால் தோன்றும் குறிகளும், எத்தனை நாழிகைக்குள் எடுக்க வேண்டும் என்ற கெடுவும் ஓலைச்சுவடிகளில் செய்யுளாக எழுதப்பட்டிருக்கின்றன. அடிபட்டு மயங்கியவரை எழுப்பத் தூண்டப்படும் இடங்களுக்கு அடங்கல் என்று பெயர். அவ்வாறு எழுப்பும் கைவழக்கம் இளக்குமுறை. வர்மத்தில் தேர்ந்த மருத்துவரை இப்பகுதியில் வர்மாணி என்றும் அழைப்பர். அடிமுறை ஆசான்கள் பலர் வர்மாணிகளாகவும் விளங்கினர். அடிக்கும் இடத்தைக் கற்பிப்பவன், அந்த அடியை ஆற்றும் வழியையும் அறிந்திருக்க வேண்டும் என்ற நெறியே இந்த மரபின் மையம். பயிற்சியின்போது சிஷ்யனின் தோள் நழுவினால் அதை ஏற்றிவைக்க வேண்டியவரும் அவரே. அவனுடைய தாய்க்கு விடை சொல்ல வேண்டியவரும் அவரே.

ஆசானின் கட்டு, விளையாட்டரங்கின் டேப்பைவிடப் பழமையானது. ஆயினும் இரண்டுக்கும் உள்ள உறவு வியக்கத்தக்கது. முறிந்த எலும்பை நேராக இழுத்துப் பொருத்தி, முட்டையின் வெள்ளைக்கருவோடு உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் பூசிச் சுற்றி, மூங்கில் பத்தைகளை அணையாக வைத்துக் கட்டுவது நாட்டு வழக்கம். காயத்திருமேனித் தைலம் போன்ற எண்ணெய்கள் நாள்தோறும் விடப்படும். கட்டு இறுகினால் விரல் கறுத்து அழுகும் என்பதைத் தேர்ந்த ஆசான் அறிவார். ஆகவே விரல் நுனியின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பது அவருடைய கடமையுள் ஒன்று. அதனை அறியாதவர் கட்டிய கட்டால் கையையோ காலையோ இழந்தவர்களை எலும்பு மருத்துவமனைகள் கண்டிருக்கின்றன. நகத்தை அழுத்தி இரண்டு நொடி காத்திருக்கும் பிசியோவும் விரலைத் தடவிப் பார்க்கும் ஆசானும் ஒரே அச்சத்தை மதித்தே அவ்வாறு செய்கின்றனர்.

இம்மரபு ஆய்வுலகின் கவனத்தையும் பெற்றிருக்கிறது. களரிப்பயிற்றுப் பற்றிய பிலிப் சரில்லியின் நூல் 1998இல் வெளிவந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்களிடையே களப்பணி செய்து, வர்மத்தில் போர்க்கலையும் மருத்துவமும் பிரிக்க முடியாதவாறு பின்னியிருப்பதை ரோமன் சீலர் 2015இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்தார். குழித்துறைக்குத் தெற்கே முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சித்த மருத்துவப் பட்ட மேற்படிப்பில் சிறப்பு மருத்துவம் என்ற பிரிவு வர்மத்தையும் தொக்கணம் எனப்படும் பிடித்துவிடும் முறையையும் பாடமாகக் கொண்டுள்ளது. நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. காயம்பட்ட உடலை ஆற்றுவதற்கான அறிவுமரபுகள் இத்தனை நெருக்கமாக ஒரே மாவட்டத்தில் கூடியிருப்பது எளிதில் வாய்ப்பதன்று.

இவ்விரு மரபுகளையும் மதிப்பதென்பது, இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது ஆகாது. புதிதாகக் கன்றிய தொடைத் தசையை அன்றே அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தக்கசிவு மிகும். தசைக்குள் எலும்பு படியும் கோளாறும் நேரலாம் என்பதால் இன்றைய விளையாட்டு மருத்துவம் அதனை விலக்குகிறது. நவீன மருத்துவமும் தன் வழக்கங்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாக 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின்; நீண்ட நேரப் பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் தம் கருத்தைத் திருத்தி எழுதியவரும் அவரே. காயத்தை முதல் சில நாள் காத்து, பிறகு வலி தாங்கும் அளவுக்குப் படிப்படியாக அசைத்து, இரத்த ஓட்டத்தைப் பெருக்க வேண்டும் என்பதே இன்றைய பொதுவான நெறி. தடவி, அசைத்து, நடக்கவைத்து ஆற்றிய ஆசானின் பழக்கத்தை அது சில இடங்களில் நெருங்கிவருகிறது. சில இடங்களில் திட்டவட்டமாக மறுக்கிறது. ஏற்கவும் மறுக்கவும் தெரிந்த கல்வியே இரண்டு மரபுக்கும் நன்மை தரும்.

முஞ்சிறையையும் நித்திரவிளையையும் கடந்தால் காற்றில் உப்பு ஏறுகிறது. தேங்காப்பட்டணத்தருகே தாமிரபரணி என்றும் குழித்துறை ஆறு என்றும் வழங்கும் ஆறு கடலில் கலக்க, அதற்கு மேற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி எனக் கேரள எல்லைவரை மீனவ ஊர்கள் தொடர்ச்சியாக நெருங்கிக் கிடக்கின்றன. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர்பெற்ற ஊர்கள் இவை. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தவையும் இவையே. இந்த ஊர்களின் மற்றொரு முகம் கால்பந்து. மணலிலும் பள்ளித் திடலிலும் தூத்தூர் புனித யூதா கல்லூரி மைதானத்திலும் வளர்ந்த இளைஞர்கள் தமிழக அணிக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடியிருக்கிறார்கள். தொழில்முறைக் கழகங்களுக்கும் சென்றிருக்கிறார்கள். மணலில் ஓடிப் பழகிய காலுக்கு வலிமை மிகுதி. எனினும் மணல் இளகும் தரை. ஒளிபரப்பாகும் போட்டிகளின் புல்தரையோ ஆணி பதித்த காலணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த மாற்றம் முழங்காலுக்கு ஒரு புதிய சோதனை.

இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே ஆகிய கழகங்களில் ஆடி, இந்திய அணிக்கும் தேர்வானவர்; 2020 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற ஏடிகே அணியில் இருந்தவர். அடுத்த பருவம் பெருந்தொற்றின் காரணமாகக் கோவாவின் மூன்று மைதானங்களில் மட்டும், பார்வையாளர் யாருமின்றி, வீரர்களையும் பணியாளர்களையும் வெளியுலகத் தொடர்பின்றித் தங்கவைத்து நடத்தப்பட்டது. 2020 நவம்பர் 20 அன்று பம்போலிமில் நடந்த தொடக்க ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஏடிகே மோகன் பகான் அணிக்காகக் களமிறங்கிய சூசைராஜ், முதல் கால் மணி நேரத்துக்குள்ளாகவே முழங்கால் காயத்தால் வெளியேறினார். தசைநார்க் காயம் என்று உறுதியானபின் அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. அரங்கில் ஒரு பார்வையாளரும் இல்லாத அந்த மாலையில், அவருடைய ஊரார் கண்டதெல்லாம் திரையில் தெரிந்த காட்சி மட்டுமே. வீரரின் அருகில் உண்மையாக இருக்க முடிந்தவர்கள் சக வீரர்களும் அணியின் மருத்துவப் பணியாளர்களுமே.

இத்தகைய தருணத்தில் பொதுவாகச் செய்யப்படுவது என்ன என்பதை விளக்கினால் டிரெய்னரின் பொறுப்பு புலப்படும். முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கால் எலும்பையும் குறுக்காகப் பிணைத்து, கீழெலும்பு முன்னே நழுவாமல் காப்பது முன் குறுக்குத் தசைநார். ஓடிவந்தவர் திடீரென நின்று திரும்பும்போது, யாரும் தொடாமலே அது அறுந்துவிடக்கூடும். அதனைக் கண்டறிய லாக்மன் சோதனை என்ற முறை உள்ளது. முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடையை நிலையாகப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுக்க வேண்டும். நல்ல முழங்காலில் அந்த இழுப்பு ஓரிடத்தில் சட்டென்று தடைபட்டு நிற்கும், அறுந்த முழங்காலில் தடை தெரியாது. வீக்கம் ஏறி, தசைகள் வலியால் இறுகிக்கொள்வதற்குள் இதனைச் செய்தால் விடை தெளிவாகக் கிடைக்கும். ஆகவே களத்தின் முதல் சில நிமிடங்களில் தேர்ந்த கை ஒன்று அருகில் இருப்பதன் பயன் பெரிது. அதன்பின் வருவது நீண்ட பொறுமை. அறுவைக்குப் பின் 9 மாதம் வரையில், களத்துக்குத் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும் மறுகாயம் ஏற்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2016இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று காட்டியது. அந்த மாதங்களில் வீரரின் அவசரத்தையும் கழகத்தின் தேவையையும் சுற்றத்தாரின் கவலையையும் தாங்கிக்கொண்டு, ‘இன்னும் ஆகவில்லை’ என்று சொல்ல வேண்டியவர் பிசியோவே.

தலைக்காயத்தில் அந்தச் சொல் இன்னும் கடினமானது. மூளை அதிர்ச்சி வெளியே தெரியும் காயமன்று. விழுந்தவர் எழுந்து நின்று ‘சரியாகிவிட்டது’ என்பார். அதனால் எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் அடித்தது யார் என்பன போன்ற எளிய வினாக்களைக் கேட்கிறார்கள். மேடக்ஸ் வினாக்கள் என்று இவற்றுக்குப் பெயர். விடை பிறழ்ந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. கிரிக்கெட்டில் இதற்கான மாற்று வீரர் விதி 2019 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் நடந்த ஆட்டத்தில் தம் அணியின் கடைசி ஓவரில் தலைக்கவசத்தில் பந்து பட்டபின்னும் ரவீந்திர ஜடேஜா தொடர்ந்து ஆடினார். இடைவேளையில் அதிர்ச்சி உறுதியாகி, அவருக்குப் பதிலாக வந்த யுஸ்வேந்திர சாகல் 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகனானதும் பெரும் விவாதம் எழுந்தது. விவாதம் எதுவாயினும் மருத்துவ உண்மை ஒன்று நிற்கிறது: மூளை அதிர்ச்சியின் குறிகள் அடிபட்ட நொடியில் மட்டுமன்றிச் சிறிது நேரம் கழித்தும் வெளிப்படும். வர்ம நூல்கள் குறிகளுக்கு நாழிகைக் கெடு வகுத்ததன் பின்னேயும், அடிபட்டவரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற பட்டறிவே இருந்திருக்க வேண்டும்.

ஒளிப்பதிவுக் கருவி இப்பணிக்கு உதவியாகவும் இடையூறாகவும் இருக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தபோது, அவருடைய தோழர்கள் சுற்றி நின்று அரண் அமைத்து, உயிர்காக்கும் பணியை உலகின் பார்வையிலிருந்து மறைத்தார்கள். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில் டாமர் ஹாம்லின் விழுந்தபோது மார்பை அழுத்தி உயிர்மீட்பைச் செய்தவர் டென்னி கெல்லிங்டன் என்ற உதவி அத்லெடிக் டிரெய்னர். இருவரும் பிழைத்து மீண்டும் களத்துக்குத் திரும்பினர். உடனடி உயிர்மீட்பும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே அதற்குக் காரணம். இந்தியாவுக்கு வேறொரு நினைவு இருக்கிறது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் நடந்த பெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போ அணிக்காக இரண்டு கோல்களையும் அடித்த பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல்காவலரோடு மோதி விழுந்து உயிரிழந்தார். மைதானத்து அவசர உதவி போதுமானதாக இல்லை என்ற வேதனை இந்தியக் கால்பந்தில் நெடுங்காலம் பேசப்பட்டது.

அதே ஒளிப்பதிவுக் கருவி நன்மையும் செய்கிறது. காயம் எந்தக் கோணத்தில் நேர்ந்தது என்பதைக் கண்ணால் தவறவிட்டவர் மறுஒளிபரப்பில் காண முடியும்; 2018 உலகக் கோப்பையில் அணி மருத்துவர்களுக்கு அந்த வசதி வழங்கப்பட்டது. அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் அரங்கின் உயரத்தில் அமர்ந்து, திரைகளில் ஆட்டத்தைக் கண்காணித்து, தள்ளாடும் வீரரைக் கண்டால் கீழே தெரிவிப்பதற்கென்றே அத்லெடிக் டிரெய்னர்களை அமர்த்துகிறார்கள். 2015 முதல் ஆட்டத்தையே நிறுத்தும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஒருவரின் சொல்லுக்கு ஆட்டம் நிற்கிறது என்பது விளையாட்டின் வரலாற்றில் பெரிய அறம்.

இங்கேதான் களரியின் நெறி இன்றைய அரங்குக்குப் பொருள் தருகிறது. டிரெய்னருக்கு ஊதியம் தருவது அணி; ஆனால் அவர் காக்க வேண்டியது வீரரின் உடல். கோப்பைக்கான ஆட்டத்தில் முக்கிய வீரரை வெளியே அழைப்பது அணிக்கு இழப்பு, வீரருக்குக் கோபம், பார்வையாளருக்கு ஏமாற்றம். இம்மூன்றையும் தாங்கும் துணிவு இல்லாவிட்டால் டேப்பும் தைலமும் பயனற்றவை. உயிர்நிலைகளை அறிந்தவனிடம் அடக்கமும் பொறுப்பும் இருந்தாக வேண்டும் என்பதற்காகவே ஆசான் மாணவனைப் பல ஆண்டுகள் சோதித்துப் பிறகே வர்மம் சொன்னார். வீரரின் காயத்தைப் பற்றி வெளியில் பேசாத நாவடக்கம், தெரியாததை மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் நேர்மை, வலியை மறைக்கும் இளைஞனின் முகத்தைப் படிக்கும் அக்கறை ஆகிய மூன்றையும் எந்தப் பாடத்திட்டமும் தனியே தந்துவிட முடியாது. அவை பழகிப் பெறும் பண்புகள்.

ஒளிபரப்பாகும் போட்டிகளில் பிசியோவும் மருத்துவரும் விதிப்படி வந்துவிடுகிறார்கள்; ஆம்புலன்சும் நிற்கிறது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கழக உரிம விதிகள் தொழில்முறை அணிகளுக்கு அணி மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கட்டாயமாக்கியுள்ளன. தூத்தூர்க் கடற்கரையில் ஊர்த்திருவிழாவையொட்டி நடக்கும் கால்பந்துக்கும், உள்நாட்டு ஊர்களில் மின்விளக்கு வெளிச்சத்தில் விடியவிடிய நடக்கும் கபடிக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. ஆனால் திரையில் தெரியும் வீரர்களுள் பலர் இத்தகைய திடல்களிலிருந்தே புறப்படுகிறார்கள். அங்கே சரியாகப் பார்க்கப்படாத சுளுக்கும், ஆறாமலே ஆடிய முழங்காலுமே பலருடைய பயணத்தைப் பாதியில் முடித்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு பல கல்லூரிகளில் உள்ளது. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் சித்த, ஆயுர்வேத, நவீன மருத்துவக் கல்லூரிகள் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கின்றன. இவற்றின் மாணவர்களும் ஊர் ஆசான்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் ஒன்றுகூடி, திடலுக்கு ஒருவரையாவது உயிர்மீட்பிலும் தலைக்காயத்தை அறிவதிலும் கட்டுப் போடுவதிலும் பயிற்றுவிப்பது இயலாத காரியமன்று. அவருக்கு ஒரு பையும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி ஒன்றும் கொடுத்து, அவர் கையை உயர்த்தினால் ஆட்டம் நிற்க வேண்டும் என்ற விதியை ஊர்க் கமிட்டிகள் எழுதிவைத்தால் போதும். அடியையும் ஆற்றுதலையும் ஒரே ஆசானிடம் கற்ற இம்மாவட்டம், அந்த விதியை எழுதுவதில் மற்ற மாவட்டங்களுக்கு முந்திக்கொள்வதே பொருத்தமானது.